பழைய பிளகினுக்குப் பதில் புதியது: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

ஏராளமான வேர்ட்பிரஸ் தளங்களில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிளகினை (தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்) அடியோடு திருத்தி எழுதி, பழையதன் இடத்தில் புதியதை வைக்கப் போகிறவர்களுக்கும், வைத்துவிட்டுப் புகார்களுக்கு விடை தேடிக்கொண்டிருப்பவர்களுக்கும் இந்த வழிமுறை. பழைய பெயரிலேயே புதிய நிரலை அப்டேட்டாக அனுப்பலாம். அல்லது தனிப் பெயரில் புதிய பிளகினை வெளியிட்டுப் பயனர்களை அதற்கு அழைத்து வரலாம். முடிந்தவரை முதல் வழியிலேயே செல்லுங்கள். கீழே உள்ள கோளாறுகளில் பாதி இரண்டாவது வழியில்தான் பிறக்கின்றன.

ஒரு தளம் பிளகினோடு பெயர்களால்தான் கட்டப்பட்டிருக்கிறது: ஃபோல்டர் பெயர், முதன்மைக் கோப்பின் பெயர், ஷார்ட்கோடு (பக்கத்தில் சதுர அடைப்புக்குள் எழுதும் குறி), பிளாக் (எடிட்டரில் பக்கத்தைக் கட்டும் துண்டு), ஆப்ஷன் (டேட்டாபேஸில் சேமித்த அமைப்பு), ஹுக் (பிற நிரல் வந்து இணையும் இடம்), கிளாஸ், கிரான் நிகழ்வு (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை). உள்ளே இருக்கும் நிரலை முழுவதும் மாற்றினாலும் யாருக்கும் தெரியாது. ஒரு பெயர் மாறினால் எங்கோ ஒரு முடிச்சு அவிழும். புகார் வந்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்தப் பெயர் மாறியது?”

புகார் சொல்பவரிடமிருந்து மூன்று விவரம் வாங்காமல் தேடலைத் தொடங்காதீர்கள். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு வந்தார், அப்டேட் தானாக நடந்ததா கையால் செய்ததா, பிஎச்பி (வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழி) பதிப்பு எது. அதோடு டீபக் பதிவும் (பிழைகளைக் குறித்துவைக்கும் கோப்பு) வேண்டும். தளத்தின் கான்ஃபிக் கோப்பில் டீபக்கையும் டீபக் லாக்கையும் ‘ட்ரூ’ என்றும், டீபக் டிஸ்ப்ளேயை ‘ஃபால்ஸ்’ என்றும் வைத்தால் பிழைகள் திரையில் தெரியாமல் கன்டென்ட் ஃபோல்டரில் ஒரு பதிவுக் கோப்பாகச் சேரும். பல சர்வர்களில் அந்தக் கோப்பை முகவரி தெரிந்த யாரும் பிரௌசரிலேயே திறந்துவிடலாம். வேலை முடிந்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

அறிகுறி: அப்டேட் ஆனதும் பிளகின் தானாக அணைந்துவிட்டது, பிழைச்செய்தி எதுவும் இல்லை

முதன்மைக் கோப்பின் பெயரை மாற்றியிருப்பீர்கள். எந்தெந்த பிளகின் ஓட வேண்டும் என்பதை வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் ‘ஃபோல்டர்/கோப்பு’ என்ற வடிவில் எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கோப்பு இல்லையென்றால் தளத்தின் முன்பக்கம் அதை ஓசையில்லாமல் தாண்டிப் போய்விடும். நிர்வாகி பிளகின்கள் பக்கத்தைத் திறக்கும்போதுதான் ‘கோப்பு இல்லை’ என்ற அறிவிப்பு வரும். அதே நொடியில் பட்டியலிலிருந்தும் பெயர் நீங்கிவிடும்.

இந்த இடைவெளி உங்களுக்குச் சாதகமானது. பழைய கோப்புப் பெயரோடு ஒரு திருத்தப் பதிப்பை உடனே அனுப்பினால், அந்தப் பக்கத்தை இன்னும் திறக்காத தளங்களில் பிளகின் தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். திறந்துவிட்டவர்கள் மட்டும் கையால் ஆக்டிவேட் செய்ய வேண்டியிருக்கும். ஆகவே இந்தப் புகார் ஒன்று வந்தாலே மற்ற வேலையை நிறுத்திவிட்டு இதைச் சரிசெய்யுங்கள்.

திருத்தம் எளிது. பழைய பெயரில் ஒரு கோப்பு, அதில் பிளகின் தலைப்புக் குறிப்பு (பிளகினின் பெயரும் பதிப்பும் எழுதிய தொடக்கக் கமெண்ட்), அதன் கீழே புதிய கோப்பை அழைக்கும் ஒரே வரி. புதிய கோப்பில் தலைப்புக் குறிப்பு இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே பிளகின் பட்டியலில் இரண்டாகத் தெரியும். பயனர் காணும் பெயரை மாற்ற வேண்டுமானால் தலைப்புக் குறிப்பில் மாற்றினால் போதும். யோஸ்ட் எஸ்இஓ இன்றைக்கும் ‘வேர்ட்பிரஸ்-எஸ்இஓ’ என்ற பழைய ஃபோல்டரில்தான் இருக்கிறது.

இதன் உடன்பிறப்பு இன்னொன்று. நிரல் களஞ்சியத்திலிருந்து ஜிப்பை நேரடியாக இறக்கி நிறுவுபவர்களுக்கு ஃபோல்டர் பெயரின் இறுதியில் கிளையின் பெயர் ஒட்டிக்கொண்டு வரும். வேர்ட்பிரஸ் அதை வேறு பிளகின் என்றே எண்ணும். பழையதும் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். அது நேராக அடுத்த அறிகுறியில் கொண்டுபோய் விடும்.

அறிகுறி: தளம் முழுவதும் வெள்ளைத் திரை, அல்லது ‘கடுமையான பிழை’ என்ற செய்தி

பதிவில் ‘கேனாட் ரீடிக்ளேர்’ என்று இருந்தால், ஒரே ஃபங்ஷனையோ கிளாஸையோ பழையதும் புதியதும் சேர்ந்து அறிவிக்கின்றன.

பலர் முதன்மைக் கோப்பின் தலையில் ‘பழையது ஓடினால் திரும்பிவிடு’ என்று ஒரு ரிட்டர்ன் வைத்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். அது காப்பாற்றாது. கோப்பின் மேல்மட்டத்தில் நிபந்தனையின்றி எழுதிய ஃபங்ஷன்களைப் பிஎச்பி கம்பைல் செய்யும்போதே பதிந்துகொள்கிறது. ரிட்டர்ன் வரிக்கு முறை வருவதற்குள் மோதல் நடந்து முடிந்திருக்கும். முதன்மைக் கோப்பில் சோதனை மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் வேறு கோப்புகளில் வைத்து, சோதனை தேறிய பிறகு அழையுங்கள்.

வரிசையையும் நம்ப முடியாது. ஒரு பிளகினை ஆக்டிவேட் செய்யும்போது வேர்ட்பிரஸ் அந்தப் பட்டியலை அகரவரிசையில் அடுக்குகிறது. உங்கள் புதிய பிளகினின் பெயர் முன்னால் வந்தால் அதுதான் முதலில் ஏறும். அதற்குப் பின் பழையது வந்து மோதும். பழையதன் ஃபங்ஷன் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் சோதித்தால் ‘இல்லை’ என்றே விடை வரும். எனவே ஃபங்ஷனைத் தேடாமல், ஆக்டிவ் பட்டியலில் பழையதன் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிசைட்டில் (ஒரே வேர்ட்பிரஸில் பல தளங்கள்) நெட்வொர்க் முழுவதற்குமான பட்டியல் வேறோர் இடத்தில் இருக்கிறது. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இருந்தால் புதியது எதையும் ஏற்றாமல், ‘பழையதை அணைத்துவிட்டு இதற்கு மாறு’ என்ற பொத்தானோடு ஓர் அறிவிப்பை மட்டும் காட்டட்டும். அந்தப் பொத்தான் பழையதை அணைத்தாலும், அதே ரிக்வெஸ்ட்டில் பழைய ஃபங்ஷன்கள் நினைவகத்தில்தான் இருக்கும். உண்மையான வேலை அடுத்த ரிக்வெஸ்ட்டில் தொடங்க வேண்டும்.

‘பார்ஸ் எரர்’ என்றிருந்தால் பயனரின் பிஎச்பி பழையது. வேர்ட்பிரஸ் 5.3 முதல், தலைப்புக் குறிப்பில் தேவையான பிஎச்பி பதிப்பை எழுதினால் பொருந்தாத சர்வரில் ஆக்டிவேட் ஆகாது. ஆனால் எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பும் முறை) வழியாகக் கோப்புகளை மேலேற்றுபவரை அது தடுக்காது. முதன்மைக் கோப்பில் மட்டுமாவது பழைய இலக்கணத்தில் எழுதி, பிஎச்பி பதிப்பைச் சோதித்த பிறகு மற்றவற்றை அழையுங்கள்.

‘கால் டு அன்டிஃபைன்ட் மெத்தட்’ என்று வந்து, அந்த மெத்தட் நீங்கள் எழுதியதில்லை, கம்போசர் (பிஎச்பி லைப்ரரிகளைக் கொண்டுவரும் கருவி) வழியாக வந்த ஒரு லைப்ரரியினுடையது என்றால், வேறொரு பிளகின் அதே லைப்ரரியின் பழைய பதிப்பை உங்களுக்கு முன்பே ஏற்றியிருக்கிறது. பிஎச்பி-ஸ்கோப்பர் அல்லது ஸ்ட்ராஸ் கருவியால் லைப்ரரிகளின் நேம்ஸ்பேஸுக்கு உங்கள் முன்னொட்டைச் சேர்த்துக் கட்டுவதுதான் தீர்வு. வெளியீட்டுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

பயனரை மீட்பதற்கு: 5.2 முதல் வேர்ட்பிரஸ் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு ஒரு மீட்பு இணைப்பை அனுப்புகிறது. அது வரவில்லையென்றால் எஃப்டிபியில் புதிய பிளகினின் ஃபோல்டர் பெயரை மாற்றச் சொல்லுங்கள். டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவி) இருந்தால் பிளகின்களை ஏற்றாமல் ஓடும் ‘ஸ்கிப்-பிளகின்ஸ்’ விருப்பத்தோடு டீஆக்டிவேட் கட்டளை. எந்த நிலையிலும் ‘டெலீட்’ பொத்தானை மட்டும் அழுத்தச் சொல்லாதீர்கள். ஏன் என்பது அடுத்து.

அறிகுறி: பழைய பிளகினை நீக்கியதும் புதியதில் இருந்த தரவும் போய்விட்டது

இந்தப் பட்டியலிலேயே திருப்ப முடியாத சேதம் இதுதான். மற்றவை எல்லாம் சில மணி நேரத் தொல்லை. இதில் பயனரின் பல ஆண்டு உழைப்பு போய்விடலாம்.

நடப்பது இவ்வளவுதான். புதிய பிளகின் பழையதன் டேபிள்களையும் ஆப்ஷன்களையும் அப்படியே பயன்படுத்துகிறது. எல்லாம் நன்றாக ஓடுகிறது. ஒரு வாரம் கழித்துப் பயனர், ‘இனிப் பழையது எதற்கு’ என்று அதை டெலீட் செய்கிறார். பழையதன் அன்இன்ஸ்டால் கோப்பு ஓடுகிறது. தன்னுடையது என்று அது நினைக்கும் டேபிள்களை எல்லாம் துடைக்கிறது. பழைய பிளகின் செய்தது சரியே. நல்ல பிளகின் போகும்போது தன் குப்பையை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான் நாம் எல்லோரும் கற்றிருக்கிறோம்.

தடுப்பதற்கு இரண்டு வேலை. இரண்டும் வேண்டும்.

முதலாவது, பழைய பிளகினின் கடைசிப் பதிப்பாக ஒன்றை வெளியிடுங்கள். அதன் அன்இன்ஸ்டால் கோப்பு, புதிய பிளகின் தளத்தில் நிறுவப்பட்டிருந்தால் எதையும் தொடாமல் திரும்பட்டும். புதியது வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பே இது போய்ச் சேர வேண்டும்.

இரண்டாவது, அந்தக் கடைசிப் பதிப்புக்கு வராதவர்கள் எப்போதும் இருப்பார்கள். அவர்களுடைய தளத்தில் இருப்பது பழைய அன்இன்ஸ்டால் கோப்பு. அதைத் திருத்த உங்களால் முடியாது. எனவே புதிய பிளகின் தரவைத் தன் சொந்தப் பெயர்களுக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். இடம் இரட்டிப்பாகுமே என்றால், ஆகட்டும். டேபிளுக்குப் பெயர் மாற்றிவிடுவது வேகமான வழிதான். ஆனால் பயனர் பழைய பிளகினுக்குத் திரும்ப நினைத்தால் அங்கே ஒன்றும் இருக்காது.

ஏற்கெனவே நடந்துவிட்டால் பேக்கப் ஒன்றே வழி. முழுத் தளத்தையும் பின்னுக்குக் கொண்டுபோகாமல், பேக்கப்பிலிருந்து அந்த டேபிள்களை மட்டும் எடுத்து மீட்கச் சொல்லுங்கள். இடையில் வந்த பதிவுகளும் கருத்துகளும் தப்பும்.

பழையதை எடுத்துவிட விரும்புபவருக்குப் பாதுகாப்பான வழியும் உண்டு. எஃப்டிபியில் ஃபோல்டரை நீக்கினால் அன்இன்ஸ்டால் கோப்பு ஓடாது. டபிள்யூபி-சிஎல்ஐயில் ‘பிளகின் டெலீட்’ கட்டளையும் கோப்புகளை மட்டும் நீக்கும். ‘பிளகின் அன்இன்ஸ்டால்’ கட்டளைதான் தரவைத் துடைக்கும் நிரலை ஓட்டும். நிர்வாகத் திரையில் ‘டெலீட்’ என்று எழுதியிருக்கும் பொத்தான் செய்வதும் இந்த இரண்டாவது வேலையைத்தான். ஒரே சொல், இரண்டு இடத்தில் இரண்டு பொருள். உதவிக் குறிப்பில் இதைத் தனியாக எழுதுங்கள்.

அறிகுறி: அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குத் திரும்பிவிட்டன

பெரும்பாலும், பழைய தரவைப் புதிய வடிவுக்குக் கொண்டுவரும் மாற்றல் நிரலை ஆக்டிவேஷன் ஹுக்கில் எழுதியிருப்பீர்கள். அப்டேட்டின்போது அந்த ஹுக் ஓடாது, வேர்ட்பிரஸ் 3.1 முதல் இப்படித்தான். புதிதாக நிறுவிச் சோதித்தால் சரியாக இருக்கும், அப்டேட் செய்தவருக்கு மட்டும் உடையும். உங்கள் கணினியில் ஒருபோதும் தெரியாத பிழை என்பதால்தான் இது அடிக்கடி தப்பிப் போகிறது.

தரவின் அமைப்புக்கென்று ஒரு முழு எண்ணை ஆப்ஷனில் வையுங்கள்: 1, 2, 3 என்று. ஒவ்வொரு முறை ஏறும்போதும் நிரலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, குறைவாக இருந்தால் இடையிலுள்ள படிகளை ஒவ்வொன்றாக ஓட்டுங்கள். பதிப்பு எண்ணையே இதற்குப் பயன்படுத்தினால் ஒரு பள்ளம் இருக்கிறது: பிஎச்பியின் பதிப்பு ஒப்பீட்டில் 5.0-வும் 5.0.0-வும் சமமில்லை. தலைப்பில் ஒன்றும் நிரலில் இன்னொன்றுமாக எழுதிவிட்டால் மாற்றல் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு படியும் இந்த வரிசையில் நடக்கட்டும்: பழைய ஆப்ஷனைப் படி, புதிய பெயரில் எழுது, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார், கடைசியாக எண்ணை உயர்த்து. பழையதை அழிக்காதே. பாதியில் நின்று மறுபடி ஓடினாலும் விளைவு மாறக் கூடாது. பயனர்கள் எல்லாப் பதிப்பையும் வரிசையாக ஏறி வருவதில்லை, 2.1-இல் இருந்து நேராக 5-க்குத் தாவுபவர்கள் நிறைய. பழைய படிகளை ‘இனி யாருக்குத் தேவை’ என்று நீக்கிவிட்டால் அவர்கள் விழுவார்கள்.

கூட்டம் மிகுந்த தளத்தில் இரண்டு ரிக்வெஸ்ட்கள் ஒரே நேரத்தில் மாற்றலைத் தொடங்கினால் பதிவுகள் இரட்டையாகும். பூட்டு வேண்டும். ‘ஆட் ஆப்ஷன்’ ஃபங்ஷனைப் பூட்டாகப் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் கட்டளை, அதே பெயர் இருந்தால் மேலெழுதிவிடும் வகை. வேர்ட்பிரஸ் தன் சொந்த அப்டேட்டுக்கு ‘இன்சர்ட் இக்னோர்’ வகைக் கட்டளையால் பூட்டுகிறது. அப்கிரேடர் கிளாஸில் உள்ள ‘கிரியேட் லாக்’ மெத்தட் அதுதான். நிர்வாகப் பகுதியின் கோப்பு என்பதால் முன்பக்கத்தில் அதைத் தனியாக அழைத்துக்கொள்ள வேண்டும்.

மாற்றல் சரியாக ஓடியும் அமைப்புகள் போனால், யாரோ எஸ்க்யூஎல்லில் நேரடியாகச் சொல்லை மாற்றியிருக்கிறார்கள். ஆப்ஷன்கள் பல சீரியலைஸ் செய்த வடிவில் இருக்கின்றன. ஒவ்வொரு சரத்துக்கும் முன்னால் அதன் நீளம் பைட்டில் எழுதியிருக்கும். சொல்லை மாற்றி நீளத்தை மாற்றாவிட்டால் பிஎச்பியால் அதைப் பிரித்துப் படிக்க முடியாது. ‘ஒன்றும் இல்லை’ என்று பிளகின் எண்ணிக்கொண்டு தொடக்க அமைப்பையே அதன் மேல் எழுதிவிடும். அத்தோடு மூலமும் போயிற்று. தமிழில் எண்ணினால் இன்னும் ஏமாறுவோம்: ‘அமைப்பு’ கண்ணுக்கு நான்கு எழுத்து, யுடிஎஃப்-8-இல் 21 பைட். டபிள்யூபி-சிஎல்ஐயின் ‘சர்ச்-ரிப்ளேஸ்’ கட்டளை நீளத்தையும் சேர்த்துத் திருத்தும். முதலில் ‘டிரை-ரன்’ விருப்பத்தோடு ஓட்டி எத்தனை இடம் மாறும் என்று பார்த்துவிட்டு, பிறகு மெய்யாக ஓட்டுங்கள்.

அறிகுறி: பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஷார்ட்கோடு எழுத்தாகவே தெரிகிறது

அந்தப் பெயரை இப்போது யாரும் பதிவு செய்யவில்லை. வேர்ட்பிரஸ் தெரியாத ஷார்ட்கோடை அப்படியே எழுத்தாக விட்டுவிடும். பழைய பெயரையும் புதிய ஃபங்ஷனோடு இணைத்துப் பதிவு செய்யுங்கள். பழைய பண்புகளின் பெயர்களையும் மறக்காமல் மொழிபெயர்த்துக் கொடுங்கள். கான்டாக்ட் ஃபார்ம் 7 முன்பு ‘கான்டாக்ட்-ஃபார்ம்’ என்ற ஷார்ட்கோடைக் கொண்டிருந்தது. பெயர் மாறிய பிறகும் பழையதை ஏற்றுக்கொள்கிறது. பதிவுகள், விட்ஜெட்கள், தீம் கோப்புகள் என்று ஷார்ட்கோடு எங்கெங்கே இருக்கும் என்று யாராலும் முழுமையாகத் தேட முடியாது. அதனால் டேட்டாபேஸில் போய் மாற்றுவதைவிட, பழைய பெயரை ஏற்பதே எப்போதும் மலிவு.

பிளாக்குகளில் இரண்டு விதமாக உடையும். ‘இந்த பிளாக்குக்குத் தளத்தில் ஆதரவு இல்லை’ என்று எடிட்டர் சொன்னால் பெயர் போய்விட்டது. பழைய பெயரிலேயே மீண்டும் பதியுங்கள்; புதிதாகச் சேர்க்கும் பட்டியலில் மட்டும் தெரியாதபடி ‘இன்சர்ட்டர்’ ஆதரவை அணைத்து வையுங்கள். ‘எதிர்பாராத உள்ளடக்கம்’ என்று சொன்னால் பெயர் சரி, ஆனால் சேமித்திருக்கும் ஹெச்டிஎம்எல்லும் உங்கள் புதிய ‘சேவ்’ ஃபங்ஷன் தரும் ஹெச்டிஎம்எல்லும் ஒத்துப்போகவில்லை. பழைய சேவ் ஃபங்ஷனை ‘டெப்ரிகேட்டட்’ பட்டியலில் வையுங்கள். எடிட்டர் அதைக் கொண்டு படித்துப் புதியதாக மாற்றிக்கொள்ளும். ஒரு கிளாஸ் பெயரைச் சேர்த்தாலும் இது நடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். எடிட்டரில் எச்சரிக்கை வந்தாலும் வாசகர் பார்க்கும் பக்கம் முன்போலவே இருக்கும். ‘மீட்டெடு’ பொத்தானை அவசரப்பட்டு அழுத்த வேண்டாம் என்று பயனரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: ஒரே மின்னஞ்சல் இரண்டு முறை போகிறது

பழைய கிரான் நிகழ்வும் புதியதும் சேர்ந்து ஓடுகின்றன. பதிப்பு மாறியபோது நிகழ்வின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயருக்கும் ‘பொருத்தமாக இருக்கட்டும்’ என்று அதே ஃபங்ஷனை இணைத்திருப்பீர்கள். டபிள்யூபி-சிஎல்ஐயில் ‘கிரான் ஈவென்ட் லிஸ்ட்’ பார்த்தால் இரண்டு பெயரும் தெரியும். மாற்றல் படியில் ‘அன்ஷெட்யூல் ஹுக்’ ஃபங்ஷனால் பழைய பெயரை முழுமையாக நீக்குங்கள். ‘கிளியர் ஷெட்யூல்ட் ஹுக்’ ஃபங்ஷன், நாம் தரும் பண்புகள் அச்சாகப் பொருந்தினால்தான் நீக்கும். பண்போடு பதிந்த நிகழ்வுகள் அதில் தப்பிவிடும்.

அறிகுறி: துணை பிளகின்களும் தீமும் வேலை செய்யவில்லை

பரவலாகப் பயன்படும் பிளகினைச் சுற்றி மற்றவர்கள் எழுதிய நிரல் நிறைய இருக்கும். அவர்களில் பலர் உங்களுக்குத் தெரியாதவர்கள். அவர்கள் பற்றிக்கொண்டிருப்பவை: ஹுக்குகள், கிளாஸ் பெயர்கள், பதிப்பு எண்ணைச் சொல்லும் கான்ஸ்டன்ட். கடைசியாகச் சொன்னதை எல்லோரும் மறக்கிறார்கள். ‘அந்தக் கான்ஸ்டன்ட் இருந்தால்தான் ஓடுவேன்’ என்று எழுதிய துணை பிளகின், அது காணாமல் போனதும் பிழை எதுவும் தராமல் ஒதுங்கிவிடும்.

பழைய ஹுக்குகளை ‘டெப்ரிகேட்டட்’ வகை ஃபங்ஷன்களால் தொடர்ந்து அழையுங்கள், 4.6 முதல் அவை வேர்ட்பிரஸிலேயே இருக்கின்றன, யாராவது பழையதைப் பயன்படுத்தினால் டீபக் பதிவில் எச்சரிக்கையும் எழுதும். கிளாஸ்களுக்கு ‘கிளாஸ் ஏலியஸ்’. எல்லாப் பிளகினும் ஏறி முடிவதற்கு முன்பே ஏலியஸ் பதிவாகியிருக்க வேண்டும்.

மிகவும் ஒளிந்திருக்கும் கோளாறு ஒன்று: ‘நான் மறைத்து வைத்த பகுதி மறுபடி தெரிகிறது’. தீம்கள் உங்கள் பிளகின் இணைத்த ஒன்றை ‘ரிமூவ் ஆக்‌ஷன்’ கொண்டு கழற்றியிருக்கும். கழற்ற வேண்டுமானால் ஃபங்ஷன் பெயரும் முன்னுரிமை எண்ணும் இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும். நீங்கள் முன்னுரிமையை 10-இலிருந்து 20 ஆக்கியிருந்தால் கழற்றல் தோற்கும். எந்தப் பிழையும் வராது. எனவே இணைப்பின் முன்னுரிமை எண்ணையும் ஒரு பெயரைப் போலவே காத்து வையுங்கள்.

வேறு பெயரில் வெளியிட்டவர்களுக்கு 6.5 பதிப்பு இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்தது. துணை பிளகின் தன் தலைப்புக் குறிப்பில் தனக்குத் தேவையான பிளகினின் ஸ்லக்கை (அதன் அடையாளப் பெயர்) எழுத முடியும். அதில் உங்கள் பழைய ஸ்லக் இருந்தால், புதியது ஓடினாலும் துணை பிளகின் ஆக்டிவேட் ஆகாது. துணை பிளகின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பழையதை அணைக்கும் இணைப்பும் திரையில் கிடைக்காது. ஸ்லக்கை மாற்றிப் படிக்க ஒரு ஃபில்டர் இருக்கிறது. ஆனாலும் துணை பிளகின் எழுதியவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதுதான் நிலையான வழி.

அறிகுறி: சிலருக்கு மட்டும் உடைகிறது, சிலருக்குச் சரியாக இருக்கிறது

கேஷ். சேமித்து வைத்த பக்கம் பழைய சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகளைக் கேட்கிறது. நீங்கள் அவற்றை நீக்கிவிட்டீர்கள். ஓரிரு பதிப்புகளுக்குப் பழைய கோப்புகளை அதே இடத்தில் விட்டு வையுங்கள்.

ஃபார்மை அனுப்பும்போது மட்டும் 403 வந்தால் நான்ஸ் (கோரிக்கை மெய்யானதா என்று சோதிக்கும் தற்காலிகக் குறி) காரணம். அதன் ஆயுள் 24 மணி நேரம், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை மாறும். நான்ஸை உருவாக்கும் செயல்பெயரை நீங்கள் மாற்றியிருந்தால், கேஷில் உள்ள பக்கத்தின் நான்ஸ் அந்த நொடியே செல்லாததாகிவிடும். ஒரு நாளைக்காவது இரண்டு பெயரையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேஷை முழுவதும் துடைத்தும் பழைய நடத்தையே தொடர்ந்தால் ஆப்கேஷைப் (பிஎச்பி கம்பைல் செய்த நிரலின் சேமிப்பு) பாருங்கள். கோப்பின் நேர முத்திரையைச் சோதிக்காதபடி அமைத்த சர்வரில், பிஎச்பி-எஃப்பிஎம்மை (சர்வரில் பிஎச்பியை ஓட்டும் சேவை) ரீலோட் செய்யும்வரை பழைய நிரலே ஓடும். பாதிக் கோப்புகள் பழையவை, பாதி புதியவை என்று கலந்து ஓடினால் வரும் பிழைகளுக்குத் தலையும் இருக்காது, காலும் இருக்காது. அந்த மாதிரிப் புகாருக்கு முதலில் ரீலோட், பிறகு ஆராய்ச்சி.

சிறு கோளாறுகள் சில

‘இந்தப் பக்கத்தைப் பார்க்க அனுமதி இல்லை’ என்று நிர்வாகிக்கே வந்தால், புதிய உரிமைகளை ஆக்டிவேஷன் ஹுக்கில் சேர்த்திருக்கிறீர்கள். மாற்றல் படிக்கு அதை நகர்த்துங்கள். தனிவகைப் பதிவுகள் 404 காட்டினால் ரீரைட் விதிகள் (முகவரியைப் பக்கத்தோடு இணைப்பவை) புதுப்பிக்கப்படவில்லை. பயனர் பெர்மாலிங்க் பக்கத்தில் ஒரு முறை சேமித்தால் சரியாகும். நிரலில் மாற்றலின்போது ஒரே ஒரு முறை புதுப்பியுங்கள், ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் அல்ல. தனிவகைப் பதிவுகள் நிர்வாகத் திரையிலிருந்தே மறைந்தால் பதிவு வகையின் பெயர் மாறியிருக்கிறது. தரவு டேபிளில் பத்திரமாகத்தான் இருக்கிறது.

மல்டிசைட்டில் சில தளங்கள் மட்டும் மாறாமல் நின்றால் எண்ணிப் பாருங்கள். முதல் 100 தளங்கள் மாறியிருக்கும். தளங்களின் பட்டியலைத் தரும் ஃபங்ஷன், எத்தனை வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் 100-தான் தரும்.

மொழிபெயர்ப்பு மறைந்து ஆங்கிலம் தெரிந்தால், டெக்ஸ்ட் டொமைன் (மொழிபெயர்ப்பை அடையாளம் காட்டும் பெயர்) ஸ்லக்கோடு ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய ஸ்லக் என்றால் மொழிபெயர்ப்புத் திட்டமும் புதியதாக வெறுமையாகத் தொடங்கும். பழைய சொற்றொடர்களைத் தேவையில்லாமல் திருத்தாதீர்கள். ஒரு முற்றுப்புள்ளியைச் சேர்த்தாலும் தன்னார்வலர்கள் எல்லா மொழியிலும் அதை மறுபடி பார்க்க வேண்டிவரும். 6.7 முதல், மொழிபெயர்ப்பை ‘இனிட்’ ஹுக்குக்கு முன்பே கேட்டால் டீபக் பதிவில் எச்சரிக்கை நிறையும்.

அறிகுறி: அப்டேட்டுக்குப் பிறகு தளம் மந்தமாகிவிட்டது

மாற்றல் முடியாமல் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் புதிதாகத் தொடங்குகிறதா என்று முதலில் பாருங்கள். பிஎச்பியின் இயல்பான நேர வரம்பு 30 நொடி. ஒரு லட்சம் வரிகளை ஒரே மூச்சில் மாற்ற முயன்றால் பாதியில் நிற்கும், எண் உயராது, அடுத்த பார்வையாளர் வரும்போது மறுபடி முதலிலிருந்து. சிறு தொகுதிகளாகப் பின்னணியில் ஓட்டுங்கள். கடைசியாக முடித்த வரியின் அடையாள எண்ணைக் குறித்துவைத்து, அதற்கு மேலுள்ளவற்றை எடுங்கள். ‘ஆஃப்செட்’ வைத்துப் போனால் இடையில் ஒரு வரி நீங்கினாலும் ஒன்று விட்டுப்போகும். ஆக்‌ஷன் ஷெட்யூலர் லைப்ரரி இதற்கென்றே இருக்கிறது. இயல்பாக 25 வேலைகளை ஒரு தொகுதியாக எடுக்கும்.

இன்னொரு காரணம் ஆட்டோலோட். பெரிய தரவை அந்தக் குறியோடு ஆப்ஷனில் எழுதினால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அது நினைவகத்தில் ஏறும். அந்தக் குறியுள்ள எல்லா ஆப்ஷனும் சேர்ந்து 800 கிலோபைட்டைத் தாண்டினால் 6.6 முதல் சைட் ஹெல்த் பக்கமே எச்சரிக்கிறது. மெம்கேஷ்ட் (நினைவகத்தில் கேஷ் வைக்கும் மென்பொருள்) உள்ள சர்வரில் இயல்பு வரம்பான 1 மெகாபைட்டைத் தாண்டினால் அந்தத் தொகுதி கேஷில் ஏறாமலே போகலாம்; பிறகு ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் டேட்டாபேஸைத் தட்டும்.

அறிகுறி: பழைய பதிப்பைத் திரும்ப வெளியிட்டும் யாருக்கும் அது போய்ச் சேரவில்லை

வேர்ட்பிரஸ் உயர்ந்த எண்ணுக்குத்தான் அப்டேட் காட்டும். 5.0.0 கெட்டுப்போய், ஸ்டேபிள் டேக்கை (எது நடப்புப் பதிப்பு என்று சொல்லும் குறி) 4.9-க்கு இறக்கினால் புதிதாக நிறுவுபவர்கள் மட்டுமே தப்புவார்கள். ஏறிவிட்டவர்கள் அங்கேயே நிற்பார்கள். 4.9-இன் நிரலை 5.0.1 என்ற எண்ணில் வெளியிட வேண்டும். தானியங்கி அப்டேட் ஒரு நாளைக்கு இரண்டு முறை சரிபார்க்கும் என்பதால், கெட்ட பதிப்பு வெளியான சில மணி நேரத்துக்குள் இதைச் செய்தால் கணிசமானவர்கள் அதைச் சந்திக்காமலே தாண்டிவிடுவார்கள்.

பின்வாங்கிய நிரல் ஒரு விஷயத்தை எதிர்பார்க்க வேண்டும்: டேட்டாபேஸில் உள்ள எண் தன்னைவிட உயர்ந்திருக்கும். அதைப் பார்த்துக் குழம்பாமல், பழைய ஆப்ஷன்களைப் படித்து அமைதியாக ஓட வேண்டும். பழையவற்றை அழிக்காமல் வைத்திருந்தால்தான் இது முடியும்.

மாறிய பிறகு பயனர் புதிதாக எழுதிய தரவு மட்டும் பழைய இடத்தில் இருக்காது. ஆர்டர், கட்டணம் போன்ற இழக்கக் கூடாத தரவென்றால் இரண்டு இடத்திலும் எழுதுங்கள். வூகாமர்ஸ் தன் ஆர்டர்களைத் தனி டேபிள்களுக்கு மாற்றியபோது இதையே செய்தது: பொருத்தப் பயன்முறையை இயக்கினால் பழைய பதிவு டேபிளும் புதிய ஆர்டர் டேபிளும் ஒன்றுக்கொன்று சமமாக வைக்கப்படும், எந்தப் பக்கமும் திரும்பலாம். புதிய கடைகளுக்கு அது இயல்பானது 8.2 பதிப்பில், 2023 அக்டோபரில்தான்.

பழைய டேபிள்களை எப்போது நீக்குவது? அப்டேட்டோடு சேர்த்து ஒருபோதும் நீக்காதீர்கள். அமைப்புகள் பக்கத்தில் தனிப் பொத்தான் வையுங்கள். பழைய, புதிய டேபிள்களின் வரி எண்ணிக்கையை அதன் அருகே காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போகாதவரை பொத்தான் அழுந்தாதிருக்கட்டும்.